கடைக்கோடி வயலும் கடைசி வாங்குப் பிள்ளையும்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவருகின்ற நாட்களில் எமது பிரதேசத்திலும் ஒரு பரபரப்பு உண்டாகின்றது. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படங்கள் பாடசாலை வாயிலிலும் சந்தியிலும் தொங்கவிடப்படுகின்றன. அந்தப் பிள்ளைகளையும், அவர்களைப் படிப்பித்த ஆசிரியர்களையும், இருந்ததை விற்றுச் செலவு செய்த பெற்றோரையும் நாமும் மனதார வாழ்த்துகின்றோம். ஆயினும் அந்தப் பதாகையில் இடம்பெறாத பிள்ளைகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அவர்களோ எண்ணிக்கையில் மிகப் பலர். அவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியது எமது கடமை எனக் கருதுகின்றோம்.

பெறுபேறுகளை மாவட்டம் மாவட்டமாக, வலயம் வலயமாக அடுக்கிப் பார்க்கும்போது, யுத்தமும் இடப்பெயர்வும் கண்ட பகுதிகளின் பாடசாலைகள் பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே நிற்பது வழமையாகி விட்டது. இதற்கு இரண்டு விளக்கங்கள் தரப்படுகின்றன. ஒன்று வெளியிலிருந்து வருவது: “அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை.” மற்றது எமது வீட்டுத் திண்ணையிலிருந்தே வருவது: “எங்கட பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, வயலுக்கு வரட்டும்.” முதலாவதைக் கேட்டால் எமக்குக் கோபம் வருகின்றது. இரண்டாவதை நாமே சொல்லும்போது கோபம் வருவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே பிழையான கணக்கிலிருந்தே பிறக்கின்றன. புள்ளியில் உள்ள குறைவைப் பிள்ளையின் மூளையில் உள்ள குறைவாக எடுத்துக்கொள்வதே அந்தப் பிழை.

ஒரு பிள்ளைத் தலைமுறையின் கணக்கு

2006 ஆம் ஆண்டு ஜனவரியில் சம்பூரிலோ கூனித்தீவிலோ கடற்கரைச்சேனையிலோ தரம் 1 இல் சேர்ந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பார்ப்போம். அந்தப் பிள்ளை முதலாந் தவணையை முடித்து எழுத்துக்களைப் பழகிக்கொண்டிருந்தபோதே ஊர் கலங்கத் தொடங்கிற்று. ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டது. ஓகஸ்டில் மூதூர் நகரமே போர்க்களமாயிற்று. முஸ்லிம் மக்கள் கால்நடையாகக் கந்தளாய்க்கு ஓடினர். மூதூர் கிழக்குத் தமிழ் மக்கள் ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என நகர்ந்து, இறுதியில் மட்டக்களப்பு மாவட்டத்து முகாம்களை அடைந்தனர். மூதூர் நகரத்து மக்கள் சில வாரங்களில் திரும்பினர். சம்பூர் மக்களுக்கோ திரும்பிப் போக ஊர் இருக்கவில்லை. 2007 இல் அப்பகுதி அதியுயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அனல் மின்நிலையத்துக்கென்றும் கைத்தொழில் வலயத்துக்கென்றும் அதே காணிகள் குறிக்கப்பட்டன. மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் தறப்பாளின் கீழும் தகரத்தின் கீழும் ஆண்டுகளைக் கழித்தனர். 2015 இலும் 2016 இலுமே காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன.

இப்போது பள்ளிக் கணக்கைப் பார்ப்போம். 2006 இல் தரம் 1 இல் சேர்ந்த பிள்ளை 2010 இல் புலமைப்பரிசில் பரீட்சைக்கு உரியது. 2016 டிசம்பரில் க.பொ.த. சாதாரண தரத்துக்கு உரியது. அதாவது ஊரை விட்டு ஓடியதற்கும் ஊருக்குத் திரும்பியதற்கும் இடையிலேயே அந்தப் பிள்ளையின் பதினொரு வருடப் பாடசாலை வாழ்க்கையும் ஏறத்தாழ முடிந்து போயிற்று. எழுத்தறியும் வயதில் வழியில் நின்றது. கூட்டலும் கழித்தலும் பழகும் வயதில் பிற பாடசாலையின் மாலை நேர வகுப்பில், இன்னொருவரின் வாங்கில் இருந்தது. சூத்திரங்களும் பரிசோதனைகளும் படிக்கும் வயதில் ஆய்வுகூடம் என்ற ஒன்றைக் காணவில்லை. இப்பிள்ளைக்கும், அதே பதினொரு வருடங்களை ஒரே கட்டிடத்தில், நிரந்தர ஆசிரியர்களிடம், மாலையில் தனியார் வகுப்புடன் கழித்த நகரத்துப் பிள்ளைக்கும் ஒரே நாளில் ஒரே வினாத்தாள் கொடுக்கப்பட்டது. பெறுபேறு வேறுபட்டதில் வியப்பு என்ன இருக்கின்றது?

அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது இருபத்தைந்து வயதளவில் இருக்கும். பலர் தாய்தந்தையராகி விட்டனர். அவர்களின் பிள்ளைகள் இப்போது முன்பள்ளியிலும் தரம் 1 இலும் காலடி வைக்கின்றனர். தாய் விட்ட இடத்திலிருந்து பிள்ளை தொடங்க வேண்டுமா, அல்லது தாய்க்குக் கிடைக்காதது பிள்ளைக்காவது கிடைக்குமா என்பதே இன்று எம்முன் உள்ள கேள்வி.

தண்ணீர் பாயும் நாளும் பாயாத நாளும்

இந்த இடைவெளி எமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் 1982 இல் தொடங்கி, 20 பாடசாலைகளில் தரம் 1 இல் சேர்ந்த சுமார் 800 பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பாடசாலை நடக்கின்ற மாதங்களில் ஏழைப் பிள்ளைகளும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறியதை அவர்கள் கண்டனர். நீண்ட கோடை விடுமுறையில்தான் வேறுபாடு தோன்றிற்று. வசதியான வீட்டில் புத்தகமும் பேச்சும் பயணமும் தொடர்ந்தன. ஏழை வீட்டில் கற்றல் நின்று போயிற்று. இதைக் குழாயில் தண்ணீர் வருவதற்கும் நிற்பதற்கும் அந்த ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். விடுமுறையின் பங்கு அவ்வளவு பெரிதா எனப் பின்வந்த சில ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியதும் உண்டு. இடைவெளியின் பெரும்பகுதி தரம் 1 க்கு வருமுன்னரே, முன்பள்ளிப் பருவத்திலேயே தோன்றி விடுகின்றது என்பது அவர்களின் வாதம். எந்தக் கட்சி சரியாயினும் இரண்டும் ஓர் உண்மையைச் சொல்கின்றன. பாடசாலைக்கு வெளியே கழிகின்ற காலந்தான் ஏழைப் பிள்ளையைப் பின்தள்ளுகின்றது.

வாய்க்கால் பாசனத்தில் வெள்ளாண்மை செய்கின்ற எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. தலைமதகுக்குப் பக்கத்து வயலுக்கு முதலில் தண்ணீர் பாயும். குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம் கடைக்கோடி வயல் காயும். கடைக்கோடியில் விளைச்சல் குறைந்தால் எவராவது விதைநெல்லைக் குறை சொல்வார்களா? ஒரே விதைநெல், ஒரே மண், தண்ணீர் வந்த நாட்கள்தான் வேறு. வயலைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசுகின்ற நாம், பிள்ளையைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஏன் விதையைக் குறை கூறுகின்றோம்?

எமது பிள்ளைகளுக்குத் தண்ணீர் நின்ற நாட்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஓராண்டில் பாடசாலை சுமார் 200 நாட்கள் நடக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். பெரும்போக விதைப்பில் காவலுக்கென்று சில நாள், மாசி பங்குனி அறுவடையில் சில நாள், தம்பி தங்கையைப் பார்க்கத் தாய் நிற்கச் சொன்ன நாள், வெள்ளத்தில் பாதை மூடிய நாள், பஸ் வராத நாள், ஆசிரியர் வராததால் பாடசாலைக்குப் போயும் படிக்காத நாள் என்று கூட்டினால், 40 நாட்கள் போவது பெரிய விடயமல்ல. வருடத்துக்கு 40 நாட்கள் என்றால் ஐந்து வருடத்தில் 200 நாட்கள். அதாவது தரம் 5 பரீட்சைக்கு இருக்கும்போது அந்தப் பிள்ளை ஒரு முழு வருடப் படிப்பை இழந்த பிள்ளை. தரம் 4 படித்த பிள்ளையைத் தரம் 5 பரீட்சையில் இருத்தி, “உனக்குப் புள்ளி குறைவு” என்கின்றோம்.

இதற்கு மேலாக நாடு முழுவதற்கும் வந்த இடர்களும் உள. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டு நீண்ட காலம் ஒழுங்காக நடைபெறவில்லை. தொலைபேசி வழியாகப் பாடம் நடத்தப்பட்டது. வீட்டில் ஒரே ஒரு தொலைபேசி, அதுவும் தகப்பன் கையில், சிக்னல் தேடி வரம்பில் ஏறி நிற்க வேண்டிய நிலை. 2022 இல் எரிபொருள் இன்மையால் மீண்டும் பாடசாலைகள் நின்றன. 2024 நவம்பர் வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சை சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் அதே பரீட்சை நடுவழியில் நின்றது. மூதூர், வெருகல் பக்கங்களில் மகாவலி வெள்ளம் மக்களை மீண்டும் இடம்பெயர வைத்தது. நகரத்துப் பிள்ளைக்கு இவை இடையூறுகள். முன்னரே கடைக்கோடியில் நின்ற பிள்ளைக்கு இவை முழு வறட்சி.

மாவட்டக் கோட்டா எமக்கு எட்டுகின்றதா?

“பின்தங்கிய மாவட்டம் என்று சலுகை உண்டுதானே” என்று சிலர் கேட்கின்றனர். இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் என்ற சொல் தமிழ் மக்களுக்கு ஆறாத புண். 1971 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ் மொழி மூல மாணவர் 250 புள்ளியும் சிங்கள மொழி மூல மாணவர் 229 புள்ளியும் பெற வேண்டும் என்று வைக்கப்பட்டது. பொறியியலுக்கு முறையே 250 உம் 227 உம். மொழியைப் பார்த்துத் தராசைச் சாய்த்த செயல் அது. அதற்கு நியாயம் இல்லை. 1974 இல் மாவட்ட அடிப்படை வந்தது. யாழ்ப்பாணம் அதனால் இடங்களை இழந்தது உண்மை. அதே மாவட்ட அடிப்படையினால் திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்குக் கதவு சற்றுத் திறந்ததும் உண்மை. இரண்டையும் ஒருசேர நினைவிற் கொள்ளும் நேர்மை எமக்கு வேண்டும்.

இன்று 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. இம்முறை தொடர வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. ஆனால் அது எமது கிராமத்துக்கு எட்டுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காரணம் எளியது. மாவட்டத்தை ஒரே அலகாகவே அது பார்க்கின்றது. திருகோணமலை நகரத்தின் பெரிய பாடசாலையும், வெருகல் கரையில் இரண்டு கட்டிடமும் நாலைந்து ஆசிரியரும் உள்ள பாடசாலையும் அந்தக் கணக்கில் ஒன்றே. மாவட்டத்துக்கு என ஒதுக்கிய இடங்களை நகரத்துப் பிள்ளைகளே பெரும்பாலும் நிரப்பி விடுகின்றனர். அவர்கள் மீது எமக்கு மனக்குறை இல்லை. அவர்களும் எமது பிள்ளைகளே. ஆனால் கூனித்தீவுக்கும் இளக்கந்தைக்கும் என்று வந்த தண்ணீர் தலைமதகிலேயே நின்று விடுகின்றது.

இன்னொரு தடையும் உண்டு. மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போக முதலில் உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவு படிக்க வேண்டும். நாட்டிலுள்ள 10,000 க்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளுள் அப்பிரிவுகள் உள்ள 1ஏபி பாடசாலைகள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மாத்திரமே. உயர்தரத்துக்கு ஏறவே தாய்மொழியும் கணிதமும் உட்படச் சாதாரண தரத்தில் ஆறு பாடங்கள் சித்தியடைய வேண்டும். கணிதத்தில் தவறிய பிள்ளைக்கு அந்த வாசலே இல்லை. ஆகவே பல்கலைக்கழக வாசலில் தருகின்ற சலுகை, தரம் 3 இல் கூட்டல் விளங்காமல் பின்வாங்கில் ஒதுங்கிய பிள்ளைக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை. பந்தியின் முடிவில் வைக்கின்ற பாயாசம், பந்தியில் இருக்கவே இடங்கிடைக்காதவனுக்கு எதற்கு?

மாறிப்போன ஒரு நல்ல நோக்கம்

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் நிறுவப்பட்டன. கிராமத்து ஏழைப் பிள்ளையொருவன் திறமையிருந்தும் பணமின்மையால் தடைப்படக் கூடாது என்பதற்காகவே புலமைப்பரிசில் ஏற்பட்டது. நல்ல நோக்கம், அதன் பயனாக எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் முன்னுக்கு வந்துள்ளனர்.

இன்று அந்தப் பரீட்சை நகரத்தின் பேர்பெற்ற பாடசாலைக்கு நுழைவுச் சீட்டாகி விட்டது. தரம் 3 இலேயே தனியார் வகுப்புத் தொடங்குகின்றது. மாதிரி வினாத்தாள், கருத்தரங்கு, வழிகாட்டி நூல் என்று பணம் பாய்கின்றது. பணமில்லாத பிள்ளைக்குக் கைகொடுக்க வந்த பரீட்சையில் பணமுள்ள பிள்ளையே முந்துகின்றது. ஆண்டுதோறும் சுமார் மூன்று இலட்சம் பிள்ளைகள் எழுதுகின்றனர். வெட்டுப்புள்ளியைத் தாண்டுபவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பத்து வயதுப் பிள்ளைகளுள் ஐந்தில் நால்வருக்கு “நீ தோற்றவன்” என்று சொல்லி அனுப்புகின்ற ஒரு தராசாக அது மாறியிருப்பது வேதனைக்குரியது.

எமது கிராமப் பாடசாலைகளிலும் இதனால் ஒரு கேடு விளைகின்றது. வலயத்தில் பெயரெடுக்க வேண்டும் என்ற நெருக்குதலில், சித்தியடையக் கூடிய ஐந்தாறு பிள்ளைகளை முன்வாங்கில் இருத்தி அவர்களுக்கே பாடம் நடக்கின்றது. மற்றப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு இருக்கின்றனர். எழுதுகின்றதை வாசிக்கத் தெரியுமா என்று கேட்பார் இல்லை. ஆசிரியர்களை மாத்திரம் நாம் குறைகூற முடியாது. அவர்களை அவ்வாறு செய்ய வைப்பது எமது பதாகை ஆசையுந்தான்.

வேறிடங்களில் செய்து கண்டது

பின்தங்கிய பிள்ளைகளை மீட்க முடியாது என்று எண்ணுவதற்கு இடமில்லை. முடியும் என்பதற்குச் சான்றுகள் உள.

இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் வடோதரா, மும்பாய் நகரங்களின் ஏழைப் பாடசாலைகளில் 2001 அளவில் ஒரு முயற்சியை ஆய்வுக்குட்படுத்தியது. அந்தந்த இடத்திலேயே படித்த இளம் பெண்களைத் தெரிந்து, சிறு பயிற்சி கொடுத்து, தரம் 3 இலும் 4 இலும் பின்தங்கிய பிள்ளைகளை நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் தனியாக வைத்து அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக் கொடுக்க வைத்தனர். மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளே அதிகம் முன்னேறினர். இதை ஆராய்ந்தவர்களுள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ ஆகியோர் பின்னர் 2019 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் கண்ட பாடம் மிக எளியது: பிள்ளை எந்த வகுப்பில் இருக்கின்றது என்று பார்க்காமல், எந்தப் படியில் நிற்கின்றது என்று பார்த்து அங்கிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கொரோனாவின் பின் 2021 ஒக்டோபரில் “இல்லம் தேடிக் கல்வி” என்ற திட்டம் தொடங்கப்பட்டது. ஊரிலுள்ள தொண்டர்கள் மாலையில் ஒன்று ஒன்றரை மணித்தியாலம் வீட்டுத் திண்ணையிலும் பொது மண்டபத்திலும் சுமார் இருபது பிள்ளைகளை வைத்துப் படிப்பித்தனர். கிராமப்புறப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரைச் சோதித்த அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற ஆய்வாளர்கள், பாடசாலை மூடியதால் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் மீண்டதையும், அந்த மீட்சியில் ஏறத்தாழக் காற்பங்கு இம்மாலை வகுப்புகளால் வந்ததையும் கண்டனர். பெரிய கட்டிடமோ வெளிநாட்டு நிபுணர்களோ அங்கு இருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த அக்காமாரும், ஒரு பாயும், ஒரு விளக்குமே இருந்தன.

நாம் செய்யக் கூடியவை

அரசாங்கம் செய்ய வேண்டியவை பல உண்டு. அவற்றைக் கீழே கேட்கின்றோம். ஆனால் காணிக்காகப் பத்தாண்டு காத்திருந்த எமக்குக் காத்திருப்பின் விலை தெரியும். தரம் 2 பிள்ளை பத்தாண்டு காத்திருக்க மாட்டாது. ஆகவே நாளையே தொடங்கக் கூடியவற்றை முதலிற் சொல்வோம்.

முதலாவது, கணக்கெடுப்பு. தரம் 5 படிக்கின்ற உங்கள் பிள்ளையின் கையில் தரம் 2 தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அடிக்க வேண்டாம், ஏச வேண்டாம். எங்கே தடுமாறுகின்றது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்திலா, சொல்லிலா, வசனத்திலா? உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் அயலில் உள்ள படித்த பிள்ளையைக் கேளுங்கள். இந்தியக் கிராமங்களில் 2005 முதல் இவ்வாறுதான் வீடு வீடாகப் பார்த்து வருகின்றனர். தரம் 5 பிள்ளைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேரால் மட்டுமே தரம் 2 பாடத்தை வாசிக்க முடிகின்றது என்ற உண்மை அப்படித்தான் வெளிவந்தது. எமது கிராமத்தில் எத்தனை பேர் என்பதை நாமே அறிந்துகொண்டால், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வெறுங்கையோடு இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மாலை வகுப்பு. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கின்ற பிள்ளைகள் எமது எல்லாக் கிராமங்களிலும் உள்ளனர். கோவில் மண்டபம், பள்ளிவாசல் முற்றம், தேவாலய வளவு எதுவாயினும் சரி, வாரத்தில் ஐந்து நாள், ஒரு மணித்தியாலம். பரீட்சை வினாத்தாள் வேண்டாம். வாசிப்பும் நாற்கணிதமும் போதும். பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் படி வாரியாகப் பிரியுங்கள். தரம் 5 பிள்ளை தரம் 3 பிள்ளையோடு இருந்தால் வெட்கம் இல்லை. தெரியாமலே தரம் 9 இல் போய் இருப்பதுதான் பெருந்துன்பம். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழியில் ஒரே பாடத்தைப் படிக்கின்ற பிரதேசம் இது. 2006 இல் இரு சாராரும் ஒரே மாதத்தில் ஓடியவர்கள். படித்த பிள்ளை ஒரு கிராமத்தில் இல்லையென்றால் அடுத்த கிராமத்திலிருந்து வரட்டும்.

மூன்றாவது, நாட்களைக் காத்தல். வட்டவிதானைமாரும் விவசாயச் சங்கங்களும் ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் தேதியும் தண்ணீர் முறையும் தீர்மானிக்கும்போது, “அறுவடைக்குப் பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளை வயலில் நிற்கக் கூடாது” என்ற ஒரு தீர்மானத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளையை மறிக்கின்ற வீட்டுக்கு ஒரு காரணம் இருக்கும்: ஆள் இல்லை, கூலி கொடுக்கப் பணம் இல்லை. அதற்குப் பரத்தை முன்போல் மாற்றாள் முறையில் ஒருவர் வயலில் ஒருவர் இறங்கும் வழக்கமே மருந்து. கட்டாயக் கல்வி வயது 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

நான்காவது, முன்பள்ளி. மூன்று வயதிலும் நான்கு வயதிலும் பிள்ளையோடு பேசுவதும் கதை சொல்வதும் படிப்பின் அத்திவாரம். அப்பம்மாவின் கதைக்குச் செலவில்லை. முன்பள்ளி ஆசிரியைக்குச் சிறு கொடுப்பனவே கிடைக்கின்றது. அறுவடை முடிந்ததும் கோவிலுக்கு நெல் கொடுப்பது போல, அந்த ஆசிரியைக்கும் வீட்டுக்கு ஒரு மரைக்கால் நெல் கொடுப்பது எம்மால் முடியாததன்று.

நாம் கேட்க வேண்டியவை

அரசாங்கத்திடமும் மாகாணக் கல்வி நிர்வாகத்திடமும் நாம் கேட்பது தருமம் அன்று, உரிமை. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் கற்பிக்க நியமனம் பெற்று வருகின்றவர்கள் கட்டாயக் காலம் முடிந்த மறுநாளே இடமாற்றம் பெற்றுப் போகின்றனர். 2009 இல் கிண்ணியாப் பாலமும் அதன் பின்னர் ஏனைய பாலங்களும் வந்து, பாதைகளை நம்பி நின்ற காலம் போய்விட்டது. ஆனாலும் நகரத்து ஆசிரியர் தங்குவதற்கு இங்கு விடுதி இல்லை. விடுதியும் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவும் ஒழுங்காக இருந்தால் நிற்க மனமுள்ளவர்களும் உண்டு. இடம்பெயர்ந்த கிராமங்களின் பிள்ளைகளையே தெரிந்து, கல்வியியற் கல்லூரிக்கு அனுப்பி, சொந்தக் கிராமத்துக்கே நியமிக்கும் வழியைக் கேட்க வேண்டும். ஊரவர் ஊரில் நிற்பர்.

அனுமதிச் சலுகையிலும் ஒரு திருத்தம் கேட்கின்றோம். பின்தங்கிய மாவட்டம் என்ற கணக்கோடு பின்தங்கிய கல்விக் கோட்டம், பின்தங்கிய பாடசாலை என்ற கணக்கும் சேர வேண்டும். மாவட்டத்தின் பங்கில் ஒரு சிறு பகுதியாவது, நகரத்துக்கு வெளியே, யுத்தத்தில் இயங்காமற்போன பாடசாலைகளின் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட வேண்டும். மேலும், பாடசாலையைப் பெறுபேற்றால் மட்டும் அளக்காமல், பிள்ளை சேர்ந்தபோது எங்கே நின்றது, இப்போது எங்கே நிற்கின்றது என்பதையும் வலயக் கல்விப் பணிமனைகள் பார்க்க வேண்டும். எழுத்தே அறியாமல் வந்த முப்பது பிள்ளைகளை வாசிக்க வைத்த ஆசிரியை, ஐந்து பிள்ளைகளை வெட்டுப்புள்ளிக்கு மேலே ஏற்றியவருக்குக் குறைந்தவர் அல்லர்.

நற்செய்தியில் திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களின் உவமை ஒன்று உண்டு. பொழுது சாயும் வேளையில் சந்தையில் சும்மா நின்றவர்களைத் தோட்டக்காரன் கண்டு காரணம் கேட்கின்றான். தங்களை வேலைக்கு அழைப்பார் எவருமில்லை என்கின்றனர். அவன் அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசவில்லை. தோட்டத்துக்கு அனுப்பி, விடியலில் வந்தவனுக்குரிய கூலியையே கொடுத்தான். நாளெல்லாம் உழைத்தவர்கள் முணுமுணுத்ததும் அதே உவமையில் உண்டு. பிந்தி வந்தவனைப் பார்த்து எத்தனை மணித்தியாலம் வேலை செய்தாய் என்று மட்டும் கேட்பது ஒரு நீதி. ஏன் உன்னை எவரும் அழைக்கவில்லை என்று கேட்பது அதைவிடப் பெரிய நீதி. இந்து, இஸ்லாமியச் சகோதரர்களுக்கும் இதன் பொருள் அந்நியமாக இராது.

எமது பிள்ளைகள் பிந்தி வந்தவர்கள். அவர்களாகப் பிந்தவில்லை, பிந்த வைக்கப்பட்டனர். காணி திரும்பியபோது பற்றையை வெட்டி, கிணற்றை இறைத்து, எல்லைக் கல்லைத் தேடி நட்டு, முதற் போகத்தை விளைவித்தவர்கள் நாம். பத்தாண்டுப் பற்றையை ஒரு கோடையில் வெட்டத் தெரிந்த எமக்கு, தரம் 3 பிள்ளைக்கு வாசிப்புப் பழக்க ஒரு மாரி போதும். அடுத்த அறுவடைக்கு முன்னர் ஒவ்வொரு கிராமமும் தன் பிள்ளைகளுள் எத்தனை பேரால் ஒரு பக்கம் வாசிக்க முடிகின்றது என்பதை எண்ணி எழுதி வைக்கட்டும். வாய்க்காலைக் கடைசி வயல் வரை வெட்டுவது எமது வேலை. தண்ணீரைத் திறக்கச் சொல்லிக் கேட்பதும் எமது வேலைதான்.